கதவைக் கழற்றிவிட்டுப் பறப்பவர்கள்: ஹெலிகாப்டர் ஒளிப்படத் தொழிலின் உள்கணக்கு

புதிதாகக் கட்டிய கப்பலொன்று கடலில் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்புகிறது. அது முழு வேகத்தில் நீரைக் கிழித்துக்கொண்டு வருவதை மேலிருந்து, முன்பக்கக் கோணத்தில் படமெடுத்துத் தர வேண்டும் என்று கட்டிய நிறுவனம் கேட்கிறது. கரையிலிருந்து அது எட்டாது. படகில் போனால் இரும்புச் சுவர்தான் தெரியும். ஒரு ஹெலிகாப்டரை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்து, அதன் கதவொன்றைக் கழற்றி வைத்துவிட்டு, கப்பலுக்கு முன்னால் வட்டமடித்தபடி எடுத்தால்தான் உண்டு. வணிக நோக்கிலான வான்வழி ஒளிப்படத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வேலைதான்: துறைமுகம், சுரங்கம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, பாதி எழும்பி நிற்கும் வானளாவி, கடலுக்குள் நட்ட காற்றாலைகள், பாய்மரப் படகுப் பந்தயம், விளம்பரத்துக்கு வேண்டிய நகரத் தோற்றம். செங்குத்தாகக் கீழ்நோக்கி எடுக்கும் நில அளவைப் படங்கள் தனித்துறை. அதற்கு விமானத்தின் அடிப்பகுதியில் பொருத்திய கேமரா போதும். சாய்கோணத்தில், மனிதக் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும்படி எடுக்க வேண்டியவற்றுக்குத்தான் ஹெலிகாப்டர் வருகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சாகசம். திறந்த கதவு, காற்று, கீழே தொங்கும் கால்கள் என்று சமூக ஊடகங்களில் உலவும் படங்கள் அந்த எண்ணத்தைப் பெருக்கியும் விட்டன. உண்மையில் இது ஓயாத பேரம். படத்துக்கு எது நல்லதோ அது பெரும்பாலும் ஹெலிகாப்டருக்குக் கெட்டது. தாழ்வாகவும் மெதுவாகவும் போக வேண்டும், முடிந்தால் ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பது கேமராவின் ஆசை. உயரமும் வேகமும் இருந்தால்தான் பிழைக்க வழியுண்டு என்பது இயந்திரத்தின் நிலை. லென்ஸ் தேர்வு, ஷட்டர் வேகம், பறக்கும் பாதை, இடுப்பில் கட்டும் பட்டை, கட்டணம் கணக்கிடும் முறை என இத்தொழிலின் எல்லாப் பழக்கங்களும் இந்தப் பேரத்தின் விளைவுகளே.

மேலே தூக்கிச் செல்லும் கருவியே படத்துக்கு எதிரியாவது புதிய செய்தியில்லை. 1858-இல் பாரிஸ் அருகே நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர் பலூனிலிருந்து படமெடுக்க முயன்றபோது, ஒளிப்படத் தகடுகள் மீண்டும் மீண்டும் கறுத்துப்போயின. பலூனிலிருந்து கசிந்த வாயுவிலிருந்த கந்தகச் சேர்மம் வெள்ளி உப்பைக் கெடுத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் எடுத்த அந்த முதல் படங்கள் இன்று இல்லை. 1860 அக்டோபரில் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பாஸ்டன் நகரின் மேல் பலூனில் ஏறி எடுத்ததுதான், இன்று கிடைக்கும் வான்வழிப் படங்களில் மிகப் பழையது. பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டரான பெல் 47 வந்தது 1946-இல். அன்றுதான் ஒளிப்படக்காரருக்கு வேண்டிய இடத்தில் நிற்கக்கூடிய வாகனம் கிடைத்தது. வாயுவின் தொல்லை போய் அதிர்வின் தொல்லை வந்தது.

நிற்பதுதான் ஆபத்து

ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க முடியும் என்பதாலேயே அதை வாடகைக்கு எடுக்கிறோம் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். முடியும்தான். ஆனால் அது இயந்திரத்தின் மிகக் கடினமான வேலை. தரைக்கு மிக அருகில் நிற்கும்போது கீழே தள்ளப்படும் காற்று தரையில் மோதி ஓரளவு தாங்கிக்கொடுக்கும். சில நூறு அடி உயரத்தில் அந்தத் தாங்கல் கிடையாது. முன்னோக்கி நகரும்போது மேல் விசிறிக்குத் தொடர்ந்து புதிய, கலங்காத காற்று கிடைக்கிறது. ஏறத்தாழ 16 முதல் 24 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டினாலே தேவையான ஆற்றல் சட்டென்று குறையும். அதைவிட மெதுவாகப் போனால் எஞ்சின் தன் கையிருப்பையெல்லாம் செலவழித்துக்கொண்டிருக்கும். வெப்பமான நாளில், உயரமான இடத்தில், மூன்று பேரும் முழுத் தொட்டி எரிபொருளும் ஏறியிருந்தால், சிறிய ஹெலிகாப்டருக்கு அப்படி நிற்கவே இயலாமல் போகலாம். படமெடுக்கப் போகும் விமானி சில சமயம் வேண்டுமென்றே எரிபொருளைக் குறைவாக நிரப்பிக்கொண்டு கிளம்புவது இதனால்தான்.

எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடாது. விமானி உடனே விசிறித் தகடுகளின் கோணத்தைக் குறைத்தால், கீழிருந்து மேலே பாயும் காற்று விசிறியைத் தொடர்ந்து சுழற்றும். அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் ஆற்றலைத் தரைக்கு அருகில் வந்ததும் செலவழித்து மெதுவாக இறங்கலாம். தற்சுழற்சி இறக்கம் என்று இதைச் சொல்லலாம். ஒவ்வொரு ஹெலிகாப்டர் விமானியும் இதில் பயிற்சி பெறுகிறார். ஆனால் இதற்கு இரண்டு முதலீடுகளில் ஒன்றாவது கையிலிருக்க வேண்டும்: உயரம், அல்லது முன்னோக்கிய வேகம். இரண்டும் இல்லாத நிலையில் எஞ்சின் நின்றால் சுழற்சியைக் காப்பாற்றிக்கொள்ள நேரமே கிடைக்காது. எடை குறைந்த விசிறிகள் கொண்ட சிறிய ரகங்களில் விமானிக்குக் கிடைப்பது ஓரிரு நொடிதான். எந்த உயரமும் வேகமும் சேர்ந்தால் இந்த நிலை வரும் என்பதை ஒவ்வொரு ரகத்தின் கையேட்டிலும் வரைபடமாகப் போட்டிருப்பார்கள். விமானிகள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘இறந்தவன் வளைவு’. சில நூறு அடி உயரத்தில் அசையாமல் நிற்பது, அதாவது ஒரு கட்டடத்தை அழகாகப் படமெடுக்க மிகத் தோதான நிலை, அந்த வளைவுக்கு உள்ளேதான் விழுகிறது.

எஞ்சின் ஒழுங்காக ஓடும்போதும் வரக்கூடிய ஆபத்துகள் இரண்டு உண்டு. முன்வேகம் ஏறத்தாழ இல்லாமல், நிமிடத்துக்கு 300 அடிக்கும் மேலான வேகத்தில் செங்குத்தாக இறங்கினால், ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள்ளேயே இறங்குகிறது. அப்போது விசிறி தன் பிடியை இழக்கிறது. ஆற்றலைக் கூட்டக் கூட்ட வீழ்ச்சி மோசமாகிறது. ‘அப்படியே நேராகக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்’ என்று பின்னிருக்கையிலிருந்து வரும் வேண்டுகோள் இதற்குத்தான் அழைப்பு விடுகிறது. இரண்டாவது, ஹெலிகாப்டரின் உடல் சுழலாமல் பிடித்துவைக்கும் வால் விசிறி தொடர்பானது. தாழ்வாக, மெதுவாகப் போகும்போது காற்று தவறான திசையிலிருந்து வீசினால் வால் விசிறியின் வலு போதாமல் ஹெலிகாப்டர் தானாகச் சுழலத் தொடங்கலாம். அமெரிக்க வான்பயண நிர்வாகம் இதற்கென்றே 1995-இல் தனிச் சுற்றறிக்கை வெளியிட்டது. தான் விரும்பும் கோணத்துக்காக ஹெலிகாப்டரின் முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்கச் சொல்லும் ஒளிப்படக்காரர், தன்னையறியாமல் இந்த நிலையைக் கேட்கிறார்.

இதனால் அனுபவசாலிகள் நிற்கச் சொல்வதே அரிது. பொருளைச் சுற்றி 40 முதல் 60 நாட் வேகத்தில் வட்டமடிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தமக்கு வேண்டிய கோணம் சில நொடிகளுக்குக் கண்முன் வந்து போகும். அந்த நொடிகளில் தொடர்ந்து எடுப்பார்கள். தவறினால் அடுத்த சுற்று. நிற்பதைவிட இது மெதுவான வழியாகத் தோன்றும். ஆனால் வட்டமடிக்கும்போது எதிர்பார்க்காத கோணங்களும் கிடைக்கின்றன. வாடிக்கையாளர் கடைசியில் தேர்ந்தெடுப்பது பல நேரம் அவற்றில் ஒன்றைத்தான்.

மங்கல் எங்கிருந்து வருகிறது

இவ்வளவு வேகத்தில் போனால் படம் கலங்காதா என்ற சந்தேகம் இயல்பானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 நாட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர். 1/1000 நொடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஹெலிகாப்டர் நகர்வது 3 சென்டிமீட்டர். 300 மீட்டர் தொலைவிலுள்ள கட்டடத்தை 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால், அந்த 3 சென்டிமீட்டர் நகர்வு சென்சாரின் மேல் 5 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடும். இன்றைய முழுச்சட்ட கேமராக்களில் அது கிட்டத்தட்ட ஒரு பிக்சல். பொருட்படுத்த வேண்டாம்.

உண்மையான எதிரி அதிர்வு. இரண்டு தகடுகள் கொண்ட மேல் விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முறை சுற்றும்போது, ஒவ்வொரு தகடும் கடந்துபோகும் அடி நொடிக்குப் பதின்மூன்று முறைக்குமேல் உடலில் இறங்குகிறது. இந்த அடியில் கேமரா வெறும் 0.1 பாகை அளவுக்கு மேலும் கீழும் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத ஆட்டம். நடு வழியில் அதன் திருப்பு வேகம் நொடிக்கு 8 பாகையைத் தொடும். 200 மில்லிமீட்டர் லென்ஸில், அதே 1/1000 நொடியில், இது சென்சாரின் மேல் ஏறத்தாழ 28 மைக்ரோமீட்டர் இழுப்பாகிறது. ஐந்தாறு பிக்சல். பெரிய அளவில் அச்சிட்டால் கெட்டுப்போன படம். தொலைவிலுள்ள பொருளானாலும் இந்த மங்கல் குறையாது, ஏனென்றால் கோண ஆட்டத்துக்குத் தொலைவு பற்றிய கவலையில்லை. நகர்வு மங்கலும் அதிர்வு மங்கலும் வெவ்வேறு என்பது புரியாதவர்கள்தான் விமானியிடம் ‘மெதுவாகப் போங்கள்’ என்று கெஞ்சுகிறார்கள். ஹெலிகாப்டர் மெதுவானால், முன்னகர்வால் கிடைக்கும் தாங்கலை இழக்கும் எல்லைக்கு அருகில், அதிர்வு பெரும்பாலும் கூடவே செய்கிறது.

ஆகையால் விதிகள் எளியவை. 1/1000 நொடியை அடிமட்டமாக வைத்துக்கொள்வது. நீண்ட லென்ஸுக்கு 1/2000 அல்லது அதற்கும் வேகம். உலகமே தொலைவில் இருப்பதால் துவாரத்தைச் சுருக்க வேண்டியதில்லை, எப்/4, எப்/5.6 போதும். கேமராவையோ முழங்கையையோ கதவுச் சட்டத்தில் ஊன்றக் கூடாது. தரையில் படமெடுத்துப் பழகிய ஒருவருக்கு இது உள்ளுணர்வுக்கு எதிரானது. எதிலாவது சாய்ந்தால்தான் கை நடுங்காது என்று கற்றிருப்பார். ஹெலிகாப்டரில் சாய்ந்த இடம்தான் நடுங்குகிறது. மனித உடலின் தசையும் கொழுப்பும் இங்கே அதிர்வை விழுங்கும் மெத்தை. இருக்கையிலிருந்து வரும் நடுக்கம் தோளை எட்டுவதற்குள் பாதியாகிவிடும். இன்னும் வேண்டுமென்றால் கேமராவின் அடியில் மாட்டும் சுழலி நிலைநிறுத்திகள் உண்டு. உள்ளே மிக வேகமாகச் சுழலும் சிறு சக்கரங்கள் கேமராவைத் திடீரெனத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். எடை கூடும், கை வலிக்கும். ஆனால் அந்தி நேரத்தில் அவைதான் காப்பாற்றும். வேகமாகத் தொடர்ந்து பல படங்கள் எடுப்பதற்கும் காரணம் இதுவே. ஆட்டத்தின் இரு முனைகளிலும் திருப்பு வேகம் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. அந்தக் கணத்தில் விழுந்த படம் கூர்மையாக இருக்கும்.

2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கி, மன்ஹாட்டனின் தென்பகுதி மின்சாரமின்றி இருண்டபோது, டச்சு ஒளிப்படக் கலைஞர் இவான் பான் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து ஒரு படம் எடுத்தார். பாதி ஒளிரும், பாதி இருண்ட நகரம். சென்சாரின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 25,000, ஷட்டர் 1/40 நொடி. மேலே சொன்ன விதியை அது அப்பட்டமாக மீறுகிறது. அகன்ற கோண லென்ஸும், இருட்டில் பார்க்கும் புதிய சென்சாரும், போதிய உயரமும் சேர்ந்தால் விதி எவ்வளவு வளையும் என்பதற்கு அது சான்று. படச்சுருள் காலத்தில் அந்த வேலையை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

நீண்ட லென்ஸை மாட்டிக்கொண்டு தொலைவிலேயே இருந்துவிட்டால் பாதுகாப்புப் பிரச்சினையே இல்லையே என்று தோன்றலாம். அதிர்வு ஒரு தடை, மற்றொன்று காற்று. கேமராவுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு நூறு மீட்டர் காற்றும் நீல ஒளியைச் சிதறடித்து நிழல்களை வெளுக்கச் செய்கிறது. இரண்டு கிலோமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டரில் எடுத்ததும் அரை கிலோமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டரில் எடுத்ததும் ஒரே அளவு பொருளைக் காட்டும். முதலாவது சாம்பல் பூசியது போலிருக்கும். பின்தயாரிப்பில் எவ்வளவு மீட்டாலும் இரண்டாவதைப் போல் ஆகாது. அதனால் தொழில்முறையாளர்களின் கையில் அதிகம் இருப்பது 24–70 மில்லிமீட்டர் லென்ஸ். மிகவும் அகன்றதையும் மாட்ட முடியாது. விசிறித் தகட்டின் நுனியோ ஹெலிகாப்டர் தரையில் ஊன்றி நிற்கும் சறுக்குக் கட்டையோ சட்டத்துக்குள் வந்துவிடும். இருக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

கதவும் பட்டையும்

கதவைக் கழற்றுவது ஆடம்பரம் இல்லை. வளைந்த அக்ரிலிக் கண்ணாடி வழியாக எடுத்தால் பிரதிபலிப்பும் கீறலும் கூர்மைக் குறைவும் தப்பாது. ஆனால் கதவில்லாத ஹெலிகாப்டருக்குத் தனி வேக வரம்பு உண்டு. இத்தொழிலில் உலகெங்கும் அதிகம் புழங்கும் நான்கு இருக்கை கொண்ட ராபின்சன் ஆர்44-க்கு அது 100 நாட். உள்ளே தளர்வாக இருக்கும் எதுவும் வெளியே பறக்கலாம். பறந்தால் அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று வால் விசிறி. லென்ஸின் முன்மறைப்பு, மூடி, தொப்பி, காகிதம், துணிப்பை எல்லாம் தரையிலேயே நின்றுவிட வேண்டும். வானில் லென்ஸ் மாற்றுவது கிடையாது. வேறு வேறு லென்ஸ் மாட்டிய இரண்டு கேமராக்கள் உடலோடு பிணைத்தபடி வரும். குவிய வளையத்தை முடிவிலியில் வைத்து நாடாவால் ஒட்டிவிடுபவர்கள் இன்றும் உண்டு. குளிர் வேறு. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் வெப்பம் குறைய, அதன்மேல் காற்றின் வேகம் சேர்ந்துகொள்ளும். விரல் மரத்துப்போனால் பொத்தான்கள் எங்கிருக்கின்றன என்றே தெரியாது.

பட்டை பற்றிப் பேசும்போது 2018 மார்ச் 11-ஐத் தாண்டிப் போக முடியாது. நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றின் மேல் கதவில்லாமல் பறந்த ஒரு ஏஎஸ்350 ஹெலிகாப்டரில் ஐந்து பயணிகள் இருந்தனர். வெளியே சாய்ந்து படமெடுக்க வசதியாக, வழக்கமான சீட் பெல்டுக்கு மேல், முதுகுப்புறம் இணைப்பு வார் கொண்ட பட்டை அவர்களுக்கு மாட்டப்பட்டிருந்தது. முன்னிருக்கைப் பயணியின் வார், தரைமட்டத்திலிருந்த எரிபொருள் நிறுத்தும் நெம்புகோலில் சிக்கி இழுத்துவிட்டது. எஞ்சின் நின்றது. விமானி தற்சுழற்சியில் ஆற்றில் இறக்கினார். மிதவைகள் முழுமையாக விரியாததால் ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. விமானி வெளியேறினார், பட்டையிலிருந்து விடுபட முடியாத ஐந்து பயணிகளும் நீரில் மூழ்கி இறந்தனர். விழாமல் காப்பதற்காகக் கட்டியது வெளியேறவிடாமல் தடுத்தது. நொடியில் ஒரே கையால் கழற்ற முடியாத துணைப் பட்டைகளுடன் கட்டணப் பயணிகளைக் கதவில்லாமல் ஏற்றிச் செல்வதை அந்த மாதமே அமெரிக்க வான்பயண நிர்வாகம் தடை செய்தது.

அந்த விபத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. அமெரிக்க விதிகளில் வான்வழி ஒளிப்படம், நில அளவை போன்ற வேலைகளுக்கு, பயணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்குரிய கடுமையான சான்றிதழ் தேவையில்லை என்ற விலக்கு இருக்கிறது. ஒளிப்படக்காரர் பயணியல்லர், விமானக் குழுவோடு சேர்ந்து வேலை செய்பவர், ஆபத்தை அறிந்தவர் என்பதுதான் அந்த விலக்கின் அடிப்படை. கைப்பேசியோடு வந்த சுற்றுலாப் பயணிகளைக் ‘ஒளிப்படப் பயணம்’ என்ற பெயரில் அதே விலக்கின் கீழ் ஏற்றியதை விசாரணை சுட்டிக்காட்டியது. தொழில்முறையாளருக்காக வைத்த சன்னலைக் கூட்டத்துக்குத் திறந்துவிட்டதுதான் குற்றம் என்பது என் கருத்து. தொழில்முறையாளர் ஏறும் முன் தன் பட்டையின் விடுவிப்பானைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பார்ப்பார். அதைச் செய்யாதவரை ஏற்றிச் செல்ல நல்ல விமானிகள் மறுப்பார்கள்.

விமானியோடு பேசுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் விமானி வலப்பக்கம் அமர்கிறார். ஒளிப்படக்காரர் அவருக்குப் பின்னால், அதே பக்கம் உட்கார்ந்தால் இருவரும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். வட்டம் வலப்பக்கமாகச் சுற்றும். ‘அந்த வெள்ளைக் கட்டடம்’ என்று சொன்னால் கீழே நாற்பது வெள்ளைக் கட்டடங்கள் இருக்கும். ஆகவே கடிகார முள் வைத்துப் பேசுவார்கள்: 2 மணித் திசையில், ஒரு கிலோமீட்டரில். ‘வாலை இடப்பக்கம்’, ‘கொஞ்சம் விரியுங்கள்’ போன்ற இரண்டு மூன்று சொற்களில் வேலை நடக்கும். ஒலிவாங்கியைக் கதவுக்கு வெளியே நீட்டினால் காற்றின் இரைச்சல் விமானியின் காதை நிரப்பி, கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வது கேட்காமல் போகும். அதனால் பேசும்போது மட்டும் பொத்தானை அழுத்திப் பேசுவது வழக்கம். கோபுரம் பேசினால் ஒளிப்படக்காரர் வாயை மூட வேண்டும், எவ்வளவு நல்ல வெளிச்சமாக இருந்தாலும்.

தரையில் நடக்கும் வேலை

வாடகை, எஞ்சின் ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை கணக்காகிறது. நிலையத்திலிருந்து இடத்துக்குப் போய்வரும் நேரமும் அதில் அடக்கம். படமெடுக்கும் நேரம் சில சமயம் அதில் சிறு பகுதிதான். இந்தக் கணக்குதான் தொழிலின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. ஒரே வழித்தடத்திலுள்ள மூன்று நான்கு வாடிக்கையாளர்களின் வேலையை ஒரே பறத்தலில் சேர்ப்பவர் பிழைக்கிறார். கட்டடங்களின் ஆயத்தொலைவுகளை முன்னதாகவே விமானிக்குக் கொடுத்து, எந்த முகப்புக்கு எந்த மணியில் வெயில் விழும் என்று வரைபடத்தில் குறித்து, எதை முதலில் எடுப்பது என்று வரிசை போடுகிறார்கள். பெரிய நகரங்களின் மையப்பகுதி விமான நிலையத்தின் இறங்குபாதைக்குக் கீழே இருந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரம் சில நிமிடங்களே ஒதுக்கும். அந்த நிமிடங்களில் யோசிக்கத் தொடங்கினால் காசு கரையும்.

வெளிச்சத்தைப் பற்றிய பொதுக் கருத்து ஒன்று இங்கே பாதிதான் சரி. காலை, மாலைச் சாய்வெயிலில் நகரமும் மலையும் வடிவம் பெறும் என்பது உண்மை. ஆனால் கட்டுமான நிறுவனம் மாதந்தோறும் கேட்கும் முன்னேற்றப் படத்துக்கு நீண்ட நிழல்கள் தொல்லை; பாதிக் களம் கறுப்பில் மறைந்துவிடும். அவர்களுக்கு உச்சிவெயிலோ மெல்லிய மேகமோதான் நல்லது. அழகைவிட, போன மாதத்துப் படத்தின் அதே இடம், அதே உயரம், அதே கோணம் முக்கியம். எல்லோருக்கும் பொதுவாக நல்லது, மழை பெய்து ஓய்ந்து தூசியைக் கழுவிய மறுநாள். அந்த நாள் எப்போது வரும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. வானிலை சரியில்லை என்றால் பறத்தலை நிறுத்தும் உரிமையும், அதற்கான செலவு யார் தலையில் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மங்கலான நாளில் பறந்து மங்கலான படத்தோடு திரும்ப நேரிடும்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், தாழ்வாகப் பறக்கும் உயரத்துக்கு வரம்பு இருக்கிறது. ஐரோப்பாவில் மக்கள் நெருக்கமான பகுதிகளில், 600 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடி மேலே. மற்ற இடங்களில் 500 அடி. அமெரிக்காவில் கீழேயிருப்பவர்களுக்கு ஆபத்து இல்லையென்றால் ஹெலிகாப்டர்கள் அதைவிடத் தாழ்வாகவும் போகலாம். முன் அனுமதியில்லாமல் வானிலிருந்து கேமராவைத் தூக்கவே கூடாத நாடுகளும் உண்டு. எடுத்த படம் யாருடைய அந்தரங்கத்தில் தலையிடுகிறது என்பது வேறு வழக்கு. இங்கிலாந்தில் வீடுகளை வானிலிருந்து படமெடுத்து அவற்றின் உரிமையாளர்களிடமே விற்கும் நிறுவனம் ஒன்றின்மேல் பெர்ன்ஸ்டைன் பிரபு தொடுத்த வழக்கில், நிலத்தின் உரிமை அதைப் பயன்படுத்தத் தேவையான உயரம் வரைதான் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது, அவர் தோற்றார். 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டவ் கெமிக்கல் ஆலையைச் சுற்றுச்சூழல் முகமை வணிக வான்வழி ஒளிப்படக்காரர் ஒருவரை அமர்த்திப் படமெடுத்தது அரசியல் சட்டத்தை மீறிய சோதனை ஆகாது என்று 5–4 என்ற பெரும்பான்மையில் சொன்னது.

எல்லாவற்றிலும் பெயர்பெற்றது 2003-ஆம் ஆண்டு வழக்கு. கலிஃபோர்னியக் கடற்கரை அரிப்பைப் பதிவு செய்வதற்காகக் கென்னத் ஏடல்மன், தம் மனைவி ஓட்டிய ஹெலிகாப்டரிலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து இணையத்தில் வைத்திருந்தார். அவற்றில் ஒன்றில் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் வீடு தெரிந்தது. அவர் 5 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அதற்கு முன்பு அந்தப் படத்தை ஆறு முறைதான் பதிவிறக்கியிருந்தார்கள். அதில் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள். வழக்குச் செய்தி பரவியதும் ஒரு மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்தைப் பார்த்தார்கள். வழக்கு தள்ளுபடியானது. மறைக்கப்போய் விளம்பரம் தேடிக்கொள்வதற்கு ‘ஸ்ட்ரைசாண்ட் விளைவு’ என்ற பெயர் நிலைத்தது. சாய்கோணக் கடற்கரைப் படங்களின் அறிவியல் பயன் பற்றி யாருக்கும் நினைவில்லை என்பதுதான் வேடிக்கை.

டிரோன் எடுத்துக்கொண்டது

2016 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவில் சிறிய டிரோன்களை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. 400 அடி உயர வரம்பு, கண்பார்வைக்குள் பறத்தல். ஐரோப்பாவில் பொது வரம்பு 120 மீட்டர், கிட்டத்தட்ட அதே உயரம். வீட்டு விற்பனைப் படங்கள், சிறிய கட்டுமானக் களங்கள், திருமண மண்டபங்கள், கூரைச் சோதனைகள் எல்லாம் சில ஆண்டுகளுக்குள் ஹெலிகாப்டரை விட்டுப் போயின. தொழில் அழிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். டிரோன் பிடித்துக்கொண்டது 400 அடிக்குக் கீழேயுள்ள, மெதுவான, ஓரிடத்தில் நிற்கும் வேலை. ஹெலிகாப்டரின் ‘இறந்தவன் வளைவு’க்குள் விழும் வேலை. மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்ய வேண்டியிராததை அது எடுத்துக்கொண்டது.

மிச்சமிருப்பது, உயரமும் தொலைவும் வேண்டியவை. கரையிலிருந்து வெகு தொலைவில் 20 நாட் வேகத்தில் ஓடும் கப்பல், பல சதுர கிலோமீட்டர் பரந்த சுரங்கம், ஒரே மணி வெளிச்சத்தில் எடுத்து முடிக்க வேண்டிய ஐந்து களங்கள், விமான நிலையத்தை ஒட்டிய நகர மையம், பெரிய சென்சார் கேமராவில் மட்டுமே கிடைக்கும் சுவரளவு அச்சுக்கான படம். ஹெலிகாப்டரின் வெளியே பொருத்திய உருண்டைக்குள் கேமராவை வைத்து உள்ளிருந்து இயக்கும் கருவிகள் நேரடி ஒளிபரப்பிலும் திரைத்துறையிலும் இந்த இடத்தை நிரப்புகின்றன; கதவைக் கழற்றவே தேவையில்லை. நிழற்படத்துக்கு அந்தக் கருவியை வாடகைக்கு எடுப்பது பெரிய விளம்பர வேலைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகிறது.

இதனால் ஏற்பட்ட ஒரு பக்கவிளைவு பற்றி இத்துறையில் இன்னும் போதிய பேச்சு இல்லை. சின்னச் சின்ன வேலைகளில்தான் புதியவர்கள் ஹெலிகாப்டரில் ஏறிக் கற்றுக்கொண்டார்கள். அந்த வேலைகள் இப்போது டிரோனுடையவை. இன்று புதிதாக வருபவர் டிரோனில் பழகியவர். திரையைப் பார்த்துக்கொண்டே கருவியை அந்தரத்தில் நிறுத்தி, கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் பின்னே இழுத்து, சட்டகத்தை நிதானமாக அமைப்பது அவருக்குக் கைவந்த பழக்கம். முதல் முறை ஹெலிகாப்டரின் பின்னிருக்கையில் அமர்ந்ததும் அதையேதான் விமானியிடம் கேட்கத் தோன்றும். வாடகைக்கு வந்தவர் கேட்பதைக் கொடுப்பதுதான் நல்ல சேவை என்று நினைக்கும் இளம் விமானியும் அதே ஹெலிகாப்டரில் இருந்தால், மறுப்புச் சொல்ல அங்கே வேறு ஆளில்லை. ஆகவே, பறக்கும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில், எந்த உயரத்துக்கும் வேகத்துக்கும் கீழே போக மாட்டோம் என்ற இரண்டு எண்களை விமானி வாயால் சொல்லி, ஒளிப்படக்காரர் அவற்றைத் தன் படப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வானில் ஏறிய பிறகு அந்த எண்களைப் பற்றிப் பேச்சே எழக் கூடாது.